பன்னிரண்டு மணிக்கு மேல்

வெள்ளிக்கிழமை

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் சின்னவளும் நலம். உங்கள் நலம் பற்றி நீங்கள் எழுதிய நான்கு வரிகளையும் படித்தேன். அதில் ஒன்றைக்கூட நான் நம்பவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் நடுவில் கண்டுபிடித்து மனம் நோக வேண்டாம்.

நல்ல செய்தி முதலில். இங்கே உங்கள் தலைமை அலுவலகத்தில் நான் தற்காலிகமாகச் சேர்ந்து இன்றோடு ஆறு வாரம். ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களில் பருவை அழித்துக்கொண்டிருந்தவளை டால்பின் முதுகில் வடு தேட வைத்திருக்கிறார்கள். நீங்கள் விரிகுடாவில் படகில் போய் எடுக்கும் படங்கள் திங்கட்கிழமைப் பையில் வந்து என் மேசையில் விழுகின்றன. ஒவ்வொரு முதுகுத் துடுப்பையும் பெரிதாக்கி, வெட்டு எங்கே, கீறல் எங்கே என்று பார்த்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, இது இன்னார் என்று பெயர் போடுகிறேன். பதினோரு வருடமாக நீங்கள் சாப்பாட்டு மேசையில் இந்தப் பிராணிகளைப் பற்றிப் பேசியபோதெல்லாம் கொட்டாவி விட்டதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் எனக்கு அவற்றைப் பிடித்துப்போய்விட்டது. முதுகில் கூன், அந்தக் கூனின் மேல் பிறகு ஒட்டவைத்ததுபோல் ஒரு சின்னத் துடுப்பு, நீளமான மூக்கு. பிறக்கும்போது ஸ்லேட்டுப் பலகை நிறம். வயது ஏற ஏற அந்தக் கருமை புள்ளி புள்ளியாகக் கழன்று, கடைசியில் வெளிறிய ரோஜா நிறம். சின்னவளிடம் சொன்னபோது, "வயசானா ரோஸ் ஆயிடுமா? அப்ப நீ எப்பம்மா ஆவே?" என்று கேட்டாள். குணமும் எனக்கு ஒத்துப்போகிறது. யாரையும் லேசில் நம்பாது. மற்ற டால்பின்கள் படகுக்கு முன்னால் துள்ளி வேடிக்கை காட்டுமாம். இது எஞ்சின் சத்தம் கேட்டாலே ஒதுங்கிவிடுமாம். மூக்கை முதலில் நீட்டி, முதுகை வளைத்து, வாலைக் காட்டிவிட்டு உள்ளே போனால், அடுத்தது எங்கே எழும்பும் என்பது அதற்கு மட்டுமே வெளிச்சம். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்துவைத்துத் தூங்கும் என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள். ஒரு மாதமாக நானும் அப்படித்தான் தூங்குகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முன்பெல்லாம் உங்கள் கடிதம் தாளின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம்வரை போய், இடம் போதாமல் விளிம்பில் ஏறி நிற்கும். இப்போது பாதித் தாளிலேயே வரி மடங்கிவிடுகிறது. வலது பக்கம் முழுக்க வெள்ளை. பக்கத்தை நிரப்பப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிற தந்திரம் இது. எனக்கு எழுத உங்களிடம் ஒன்றுமில்லை என்றால் அதை ஒரே வரியில் எழுதியிருக்கலாம்.

லொடலொடாவை வேறு அனுப்பிவிட்டீர்கள். ஏழு வருடம் உங்கள் படகை ஓட்டியவன், தூக்கத்திலும் பேசுகிறவன். "ஓயாமல் பேசுகிறான், காது புளித்துவிட்டது" என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருடம் புளிக்காத காது இப்போது எப்படிப் புளித்தது? அவன் இடத்தில் நம் பாஷையே தெரியாத ஒருவரை வைத்திருக்கிறீர்கள். வாய் உள்ளவனை அனுப்பிவிட்டு வாய் திறக்காதவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், வெளியே போகக் கூடாத ஏதோ ஒன்று அங்கே நடக்கிறது என்றுதான் அர்த்தம்.

நீங்கள் கடலில் நிரப்புகிற தாள்களும் இந்த வாரம் முதல் என் மேசைக்கு வந்துவிட்டன. இங்கே அவற்றைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தவர் பிரசவ விடுப்பில் போயிருக்கிறார். தாளின் மேலே புறப்பாடு காலை ஆறு, திரும்பியது மாலை நான்கு என்று போட்டிருக்கிறீர்கள். கீழே கட்டங்கள்: எத்தனை, எவ்வளவு தூரம், மணி, என்ன செய்தது. மணி என்ற கட்டத்தில் ஒன்பது, பதினொன்று, பத்து, மறுபடி ஒன்பது, பன்னிரண்டு. வரிசைகூட ஒழுங்காக இல்லை. கரையில் உட்கார்ந்து அவசரமாக இட்டுக்கட்டியதுபோல் இருக்கிறது. ஆறு வாரத் தாள்களிலும் பன்னிரண்டுக்கு மேல் ஒரு டால்பின்கூட இல்லை. போன வருடத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் தாராளமாக இருக்கின்றன. இந்த வருடம் மட்டும் அவை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுகின்றனவா? படங்களில் உள்ள நேரத்தைப் பார்க்கலாம் என்றால், பேட்டரி மாற்றியபின் கேமராவின் கடிகாரத்தை நீங்கள் சரிசெய்யவே இல்லை. பட்டப்பகலில் எடுத்த படத்தை நள்ளிரவு என்கிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் எங்கே போகிறீர்கள்?

எங்கே என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். போன வாரத் தாள்களுக்கு நடுவே ஒரு பேருந்துச் சீட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு நாற்பது. பின்பக்கம் குண்டு குண்டான பெண் கையெழுத்தில், "அடுத்த செவ்வாய் கட்டாயம் வாங்க. தனியா வா" என்று இருக்கிறது. அதோடு சீட்டு கிழிந்திருக்கிறது. மீதியைப் படிக்க எனக்குப் பெரிய படிப்பு வேண்டாம். தனியா வாங்க.

பேருந்து நிலையத்துக்கே போன் போட்டு, அந்த நிறுத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். போனை எடுத்தவர் சினிமா தியேட்டர், துணிக்கடை, ஆஸ்பத்திரி என்று அடுக்கினார். காய்ச்சல் வந்தாலே மாத்திரைக்குப் பயந்து ஒளிகிறவர் நீங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டீர்கள். துணி எடுக்கத் தெரியாது. மிச்சம் தியேட்டர்தான். நீங்கள் தங்கியிருக்கும் கடற்கரை ஆய்வு நிலையத்தில் போன் எடுக்காது, சரி. டவுனுக்குப் போகிறவருக்கு அங்கிருந்து ஒரு வார்த்தை பேசக் கை வரவில்லையா?

போன விடுமுறையில் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்து, சோபாவில் உங்கள் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து சமையலறைப் பக்கம் பார்த்து, "எங்கே போயிட்டே?" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோபமாக எழுதியிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பயமாக இருக்கிறது. நாளைக்கு வண்டி வரும், இதைக் கொடுத்துவிடுகிறேன். உண்மையை எழுதுங்கள், தாளின் ஓரம்வரை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கண்ணைத் திறந்தபடியே இருக்கும்
உங்கள் மனைவி


வெள்ளிக்கிழமை

கணவருக்கு,

பதில் கிடைத்தது. "வீணாகக் கற்பனை செய்யாதே. வேலை அதிகம். குழந்தையைப் பார்த்துக்கொள்." மூன்று வாக்கியம். நான் கேட்டது நான்கு கேள்வி. இந்த முறையும் பாதித் தாள் வெள்ளையாகவே வந்திருக்கிறது.

அது கிடக்கட்டும். இன்று எழுதுவது மனைவியாக மட்டும் இல்லை, உங்கள் படங்களைப் பார்க்கிற வேலைக்காரியாகவும்தான்.

ஸ்டுடியோவில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது முகத்தை நடுவில் வை என்பது. உங்கள் படங்களில் துடுப்பு எப்போதும் இடது ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது, மீதியெல்லாம் வெறும் தண்ணீர். அந்த வெறும் தண்ணீரை நான் வெட்டி எறிந்துவிட்டுத்தான் துடுப்பைப் பெரிதாக்குவேன். செவ்வாய்க்கிழமை ஒரு படத்தை வெட்டப் போன கை நின்றுவிட்டது. இடது ஓரத்தில் இருப்பது சீப்பு. துடுப்பில் பல் உடைந்த சீப்பைப்போல் நான்கு வெட்டு உள்ள பெண் டால்பின், உங்களுக்குத் தெரியாததா? வலது ஓரத்தில், அவளுக்குப் பின்னால், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு குட்டி மூக்கை நீட்டுகிறது. ஸ்லேட்டு நிறம், ஒரு புள்ளிகூட விழாத உடம்பு. பிறந்து சில வாரங்கள்தான் இருக்கும்.

உங்கள் தாளை எடுத்துப் பார்த்தேன். "எத்தனை: ஒன்று. குட்டி: இல்லை."

உங்கள் கேமரா பார்த்திருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லையா? ஒரு மைல் தூரத்தில் வால் தெரிந்தால் பெயர் சொல்கிறவர் என்று இந்த அலுவலகத்தில் உங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். எங்கள் பிரிவுத் தலைவி, சின்னவள் பூதக்கண்ணாடி அம்மா என்று பெயர் வைத்திருக்கிறாளே, அவர் நேற்றுக்கூடச் சொன்னார், இந்த வருடம் எல்லாம் குட்டியைப் பொறுத்துத்தான் என்று. விரிகுடாவில் குட்டி போடுகின்றன என்றால் கப்பல் கால்வாய் வெட்ட அனுமதி கிடைக்காது. குட்டி இல்லை, வந்து போகிற டால்பின்கள்தான் என்றால் அடுத்த மாதமே தோண்டுகிற இயந்திரம் வந்துவிடும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் "இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இவ்வளவு நாள் ஒரு பெண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். இப்போது அது பெண்ணாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கால்வாய்க்காரர்கள் யாராவது உங்களை வளைத்துவிட்டார்களா? செவ்வாய்க்கிழமை டவுனில் தனியாகச் சந்திப்பது அவர்களையா?

லொடலொடா வீட்டுக்கு வந்தான். உங்கள் மழைக்கோட்டு அவனிடம் தங்கிவிட்டதாம், கொடுக்க வந்தான். உட்காரவைத்து, ஏன் விலக்கினார் என்று கேட்டேன். உலகத்தில் எதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன், தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணனையே கேளுங்க அண்ணி. நான் சொல்றது நியாயமில்ல" என்று மட்டும் சொன்னான். போகும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவனையும் மிரட்டி வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

அந்தப் படத்தை இன்னும் யாரிடமும் காட்டவில்லை. ஒரு வாரம் பொறுப்பேன்.

இப்படிக்கு,
மனைவி


வியாழக்கிழமை

அன்புள்ள என்னவருக்கு,

போன இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போடுங்கள். இல்லை, வைத்திருங்கள். பிற்பாடு சண்டை வரும்போது எடுத்துக் காட்ட உங்கள் கையிலும் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒரு வாரம் பொறுப்பேன் என்று எழுதினேன், பொறுக்கவில்லை. நேற்று உங்களைக் காட்டிக்கொடுக்கத்தான் போனேன். அதை மறைக்க விரும்பவில்லை. தாள்களைத் தூக்கிக்கொண்டு பூதக்கண்ணாடி அம்மாவின் மேசைக்குப் போய், "இவர் மத்தியானத்துல வேலையே செய்றதில்லம்மா, நீங்களே பாருங்க, பன்னிரண்டுக்கு மேல ஒண்ணுமே இல்ல" என்றேன். அவர் கண்ணாடியை மணிக் கட்டத்தின் மேல் நகர்த்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "மணின்னா நேரம் இல்லம்மா, திசை. படகோட மூக்கு பன்னிரண்டு. இடது கை ஒம்பது, வலது கை மூணு. எந்தப் பக்கம் எழும்புச்சுன்னு எழுதறது. பதினோரு வருஷத்துல உங்க வீட்டுக்காரர் இதைக்கூடச் சொல்லலையா?" என்றார். சொல்லியிருப்பீர்கள். நான் கொட்டாவி விட்டிருப்பேன்.

நானும் சேர்ந்து சிரித்தேன். படிக்கட்டுவரை சிரித்துக்கொண்டே போனேன். ஒன்றரை மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். மேசையில் வந்து உட்கார்ந்து, திசை என்று தெரிந்துகொண்டு அதே தாளை மறுபடி பார்த்தேன். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு எடுத்து வந்து, சின்னவளின் கலர் பென்சிலை வாங்கி, இரண்டு கடிகாரம் வரைந்தேன். போன வருடம் நீங்கள் பார்த்த ஒவ்வொரு டால்பினுக்கும் ஒரு கடிகாரத்தில் புள்ளி வைத்தேன், இந்த வருடத்துக்கு மற்றதில். போன வருடம் ஒன்பதிலிருந்து மூன்றுவரை எங்கும் புள்ளி. இந்த வருடம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை மொய்க்கிறது; ஒன்று, இரண்டு, மூன்றில் வெறும் தாள். சின்னவள் எட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் வைக்க மறந்துட்டியாம்மா?" என்று கேட்டாள். யாரையும் நம்பாத அந்தப் பிராணி, படகின் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரிதான் சந்தேகப்படும். இடது பக்கம் மட்டுமே எழும்புவதற்கு அதற்கு என்ன வேண்டுதல்? வலது பக்கமும் எழும்பியிருக்கின்றன. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

அதன்பின் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வலது ஓரத்தில் இருந்த குட்டி. கேமராத் திரையில் வலது மூலையில் இருக்கும் கடிகாரம். உங்கள் கடிதங்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்தேன். தேதி தேதியாக வரி குறுகிக்கொண்டே வருகிறது. உங்களுக்கு அது பாதித் தாள் இல்லை. உங்களுக்கு அங்கே தாள் முடிந்துவிடுகிறது. நான் அதை அன்பு குறைந்த அளவாகப் படித்தேன். விடுமுறையில் சமையலறைக் கதவில் இரண்டு முறை வலது தோளை இடித்துக்கொண்டீர்கள், நான் "கதவு நகர்ந்துடுச்சோ?" என்று கிண்டல் செய்தேன். சோபாவில் நான் உட்கார்ந்திருந்தது உங்கள் வலது பக்கம். அன்றைக்கு நீங்கள் என்னைத் தேடித்தான் கூப்பிட்டீர்கள்.

இன்று காலை அந்தப் பேருந்துச் சீட்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். "தனியா வா" என்று நான் படித்தேனே, அந்த 'வா'வின் துணைக்கால் கால் இல்லை. அதன் அடியில், கிழிந்த விளிம்பில், சாய்வாக ஒரு சின்னக் கோடு மிச்சம் இருக்கிறது. அது ர. "தனியா வராதீங்க" என்றுதான் அந்த மகராசி எழுதியிருக்கிறாள். யாரோ ஒரு நர்ஸ், உங்களோடு யாராவது வர வேண்டும் என்று கவலைப்பட்டு, கையில் கிடைத்த சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளை நான் இத்தனை நாளாக எந்தெந்தப் பெயர் சொல்லித் திட்டினேன் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். மாத்திரைக்குப் பயப்படுகிற நீங்கள் வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறீர்கள்; செவ்வாய்க்கிழமைகளுக்குத் தாளே இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. தியேட்டர் என்று முடிவு கட்டிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று மதியம் லொடலொடா வீட்டுக்கு நானே போனேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னதும் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. "அண்ணே வலப்பக்கம், அண்ணே வலப்பக்கம்னு கத்துவேன் அண்ணி. எண்ணுற ஆளுக்கு யாரும் சொல்லக் கூடாது, அதான் சட்டம்னு எரிஞ்சு விழுவாரு. ஒரு நாள் அவரே ஓட்டுறேன்னு பிடிச்சு, பாறைமேலயே ஏத்திருப்போம்" என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் கேட்க வேண்டும்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கண் தெரியவில்லை என்றால் வேலை போய்விடும், படகு போய்விடும் என்று பயந்தீர்கள். அது புரிகிறது. என்னிடம் மறைத்ததுதான் புரியவில்லை. நான் ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவள், சரி. எனக்கு முன்னால் நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். பாதி தெரியாத ஆளை இவள் என்ன செய்வாள் என்று.

குட்டியின் படத்தைப் பூதக்கண்ணாடி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதை என்னால் வைத்திருக்க முடியவில்லை. சீப்பு தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள், நாம் இல்லை என்று எழுதினால் தோண்ட ஆள் வந்துவிடும். தாளில் எப்படி விட்டுப்போனது என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். உங்களுக்காக அலுவலகத்தில் நான் சொன்ன முதல் பொய் அது, இரண்டாவது சொல்லமாட்டேன். அந்த ஆறு வாரத் தாள்கள் பாதிதான் என்று நீங்களே உங்கள் கையால் அவருக்கு எழுதுங்கள். வரி எங்கே மடங்கினாலும் பரவாயில்லை. படகில் இன்னொரு ஜோடிக் கண்ணை ஏற்றிக்கொண்டு பாதியை மறுபடி எண்ண நாள் இருக்கிறது. அதற்கப்புறம் வேலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, படம் பார்க்க ஒரு மேசையும் அதில் நானும் இருக்கிறோம்.

கண்ணிலா கோளாறு, கண்ணுக்குப் பின்னாலா என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து படகில் ஏறாதீர்கள். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு நாற்பது பேருந்தில் மட்டும் ஏறுங்கள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியதும் தெருவைக் கடக்காமல் அங்கேயே நில்லுங்கள். நான் முன்னதாகவே வந்து, உங்கள் மூன்று மணியில் நின்றுகொண்டிருப்பேன். உங்களுக்குத் தெரியாது என்பதால் கூப்பிடுவேன். என்மேல் எவ்வளவு வருத்தம் இருந்தாலும், அப்போது ஒரு தடவை என் பக்கம் முழுதாகத் திரும்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி